மூன்று நாள் விருந்தாளியும் பத்து மாதப் பிள்ளையும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வந்தவரை முகமலர்ந்து வரவேற்று, வீட்டில் உள்ளதில் சிறந்ததைப் பரிமாறி, நான்காம் நாள் வாசல்வரை வந்து வழியனுப்பி வைப்பதோடு விருந்தோம்பல் நிறைவு பெற்றுவிடுகின்றது. நான்காம் நாளும் விருந்தாளி புறப்படவில்லையெனில் வீட்டாரின் முகத்தில் தோன்றும் மாற்றத்தை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறிருக்க, முன்பின் அறியாத ஒரு நாட்டிலிருந்து வரும் பதினாறு வயதுப் பிள்ளையை ஒரு கல்வியாண்டு முழுவதும், அதாவது ஏறத்தாழப் பத்து மாதங்கள், ஒரு சதமேனும் பெறாது தம் வீட்டில் வைத்துப் பராமரிப்பதற்கு உலகின் பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுதோறும் முன்வருகின்றன.

உயர்நிலைப் பாடசாலை மாணவர் பரிமாற்றம் என அழைக்கப்படும் இந்த ஏற்பாடு இலங்கையருக்கு முற்றிலும் புதியதன்று. எனினும் நாம் அதனைப் பெரும்பாலும் ஒரு திசையிலிருந்து மாத்திரமே அறிந்திருக்கின்றோம். நமது பிள்ளை வெளிநாடு செல்வதென்றால் அது பேறு. பத்திரிகையில் படம் வெளிவரும். வெளிநாட்டுப் பிள்ளையொன்று நம் வீட்டுக்கு வருவதென்றால் அது எவ்வாறு அமையும், அதற்கு நாம் ஆயத்தமாக இருக்கின்றோமா, அரசு ஆயத்தமாக இருக்கின்றதா என்ற கேள்விகள் இங்கு போதியளவு எழுப்பப்படவில்லை. போருக்குப் பிந்திய கொழும்பில், குறிப்பாகத் தமிழ் மக்கள் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கிருலப்பனை போன்ற பகுதிகளில், இந்தக் கேள்விகளுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு.

இத்தகைய திட்டங்களின் பிறப்பிடம் போர்க்களம் என்பது பலர் அறியாத செய்தி. இன்று உலகெங்கும் பரந்துள்ள ஏ.எவ்.எஸ். நிறுவனம் முதலாம் உலகப் போரின்போது பிரான்ஸில் காயமடைந்த படைவீரரை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர் அம்புலன்ஸ் சேவையாகவே ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போரிலும் அதன் சாரதிகள் களத்தில் பணியாற்றினர். இரு போர்களிலும் சிதைந்த உடல்களைச் சுமந்தவர்கள், அடுத்த போரைத் தடுக்கவேண்டுமாயின் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் வளரவேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். 1947ஆம் ஆண்டு 10 நாடுகளைச் சேர்ந்த 52 மாணவர்கள் அமெரிக்கக் குடும்பங்களுக்கு அனுப்பிவைக்கப்பட்டனர். இன்றைய ஏற்பாட்டின் தொடக்கம் அதுவே.

இதனைவிடவும் நமக்குப் பாடமாக அமையக்கூடியது பிரான்ஸினதும் ஜேர்மனியினதும் அனுபவமாகும். முக்கால் நூற்றாண்டுக்குள் மூன்று தடவை ஒன்றையொன்று அழிக்க முயன்ற இரு நாடுகள் அவை. 1963 ஜனவரி 22ஆம் திகதி ஜனாதிபதி டி கோலும் ஜேர்மனிய அதிபர் அடனோவரும் எலிசே உடன்படிக்கையில் கைச்சாத்திட்டனர். அதே ஆண்டு ஜூலை மாதத்தில் இரு நாடுகளும் இணைந்து இளைஞர் பரிமாற்றத்துக்கென ஒரு பொது அலுவலகத்தை நிறுவின. அன்று முதல் 90 இலட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் அதன் மூலம் எல்லை கடந்து சென்றுள்ளனர். அவர்களுள் பெருந்தொகையினர் மறுநாட்டுக் குடும்பங்களின் வீடுகளில் தங்கியவர்கள். தந்தையைக் கொன்ற நாட்டின் பிள்ளைக்குத் தாய் உணவு பரிமாறிய வீடுகள் அக்காலத்தில் அங்கு இருந்திருக்கவே செய்யும். உடன்படிக்கைகளைத் தலைவர்கள் எழுதலாம். அவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு இறுதியில் சமையலறைகளையே சென்றடைகின்றது.

இலங்கையின் பங்கு இதில் எத்தகையது? 1950களில் நியூயோர்க் ஹெரால்ட் ட்ரிபியூன் பத்திரிகை உலக நாடுகளின் பாடசாலை மாணவர்களைக் கட்டுரைப் போட்டியின் மூலம் தெரிவுசெய்து அமெரிக்காவுக்கு அழைத்து வந்தது. அவர்கள் அங்கு குடும்பங்களோடு தங்கினர், பாடசாலைகளுக்குச் சென்றனர், விவாதங்களில் கலந்துகொண்டனர். கண்டி திரித்துவக் கல்லூரி மாணவராயிருந்த ஜயந்த தனபால, நாம் விரும்பும் உலகம் என்ற பொருளில் எழுதிய கட்டுரைக்காக 1957இல் அவ்வாறு சென்றார். அப்போது செனட்டராக இருந்த ஜோன் எவ். கென்னடியை அவர் சந்தித்தார். அதே மாணவர் 1995இல் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையின் மீளாய்வு மற்றும் நீடிப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதையும், 1998 முதல் 2003 வரை ஐக்கிய நாடுகள் சபையில் ஆயுதக் களைவுக்குப் பொறுப்பான துணைச் செயலாளர் நாயகமாகப் பணியாற்றியதையும் உலகம் அறியும். 2023ஆம் ஆண்டு அவர் காலமானார். ஒரு பயணம்தான் ஒரு மனிதனை உருவாக்கியது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் பதின்ம வயதில் பிறருடைய வீட்டில் உலகைக் கண்டவர் பின்னர் உலகத்தின் மேசையில் அமர்ந்தபோது அது அவருக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

அனுப்புவதில் நாம் காட்டும் ஆர்வம் ஏற்பதில் இல்லை. வெளிநாட்டு மாணவரை வீட்டில் ஏற்கும் வழக்கம் நமது நகரங்களில் வேரூன்றவில்லை. இதற்குப் பாடசாலை முறையும் ஒரு காரணம். நமது அரசாங்கப் பாடசாலைகள் சிங்களம் அல்லது தமிழ் மொழிமூலம் இயங்குகின்றன. 2000களின் தொடக்கத்தில் ஆங்கில மொழிமூலக் கல்வி மீண்டும் அறிமுகப்படுத்தப்பட்ட போதிலும் அது எல்லாப் பாடசாலைகளையும் சென்றடையவில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையையும் உயர்தரப் பரீட்சையையும் நோக்கி ஓடும் வகுப்பறையில், எந்தப் பரீட்சைக்கும் தோற்றாத ஒரு பிள்ளைக்கு என்ன வேலை என்று அதிபர் கேட்பார். காலையில் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு, இரவில் மீட்டல் என்று நமது பிள்ளைகளின் நாள் கழிகின்றது. வந்த பிள்ளையோடு பேசுவதற்கே இவர்களுக்கு நேரமிராது.

ஆனால் பாடசாலையைவிடப் பெரிய தடையொன்று கொழும்புத் தமிழ் வீடுகளில் இருந்தது. அதனை இன்றைய இளைய தலைமுறையினர் அறிந்திருக்க வேண்டும்.

கிருலப்பனைச் சந்தியில் 138ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கி ஹை லெவல் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளுள் நடந்தால் சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் மதிலோடு மதில் ஒட்டி வாழ்வதைக் காணலாம். இங்கும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ் வீடுகளில் போர்க்காலம் முழுவதும் விருந்தினர் இல்லாத நாள் அரிது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மருத்துவத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் எனப் பலரும் இந்த வீடுகளின் விறாந்தைகளில் பாய் விரித்துப் படுத்தனர். மூன்று நாள் என்ற கணக்கு அன்று செல்லவில்லை. மூன்று மாதம், மூன்று வருடம் எனத் தங்கியவர்களும் உண்டு. பெற்றோர் அனுப்பிவைத்த ஒரு பெட்டியுடன் பெரியம்மா வீட்டிலோ மாமா வீட்டிலோ வந்திறங்கி, அவர்களது பிள்ளைகளோடு பிள்ளையாகப் படித்து, இன்று உயர்ந்த நிலைகளில் இருப்போர் இப்பகுதிகளில் பலர். வேற்று வீட்டில் வளர்வதன் இனிமையும் அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் தடவை சோறு கேட்கத் தயங்கிய வேதனையும் தெரியும்.

ஆனால் அந்த வீடுகளில் விருந்தினர் ஒருவர் தங்குவது குடும்பத்தின் சொந்த விடயமாக இருக்கவில்லை. வீட்டில் இருப்போரின் விபரங்களைப் பொலிஸாருக்கு வழங்கும் கடப்பாடு 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கின்றது. குடியேற்றக் காலத்தின் அந்த ஏற்பாடு போர்க்காலத்தில் தமிழ் வீடுகளின் மீதே அதிக பாரத்துடன் இறங்கியது. இரவு வேளைகளில் கதவு தட்டப்படும்போது, பதிவில் இல்லாத உறவினர் ஒருவர் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பது குற்றம்போல் ஆனது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். எனினும் அடுத்த ஆண்டு, 2008 செப்டெம்பர் 21ஆம் திகதி, வடக்கிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் தம்மைப் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டு வரிசைகளில் நின்றனர்.

இந்த அனுபவத்தின் தழும்பு போர் முடிந்ததோடு மறைந்துவிடவில்லை. வீட்டில் புதியவர் ஒருவர் தங்குவதென்றால் யாருக்கு அறிவிக்க வேண்டும், அயலவர் என்ன நினைப்பர் என்ற எண்ணமே முதலில் எழுகின்றது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுத்தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் குடும்பங்கள் இதே சந்தேகப் பார்வையைத் தம் வாசல்களில் உணர்ந்தன. எனினும் இதே நகரத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 1983 ஜூலையில் வீதிகளில் தீ எரிந்தபோது தமிழ் அயலவரைத் தம் அறைகளில் மறைத்துவைத்து, வாசலில் நின்று அவர்கள் இங்கு இல்லை என்று கூறிய சிங்களக் குடும்பங்களும் கொழும்பில் இருந்தன. அந்நியரைத் தம்மவராகக் கொள்வதற்கு எவ்வளவு துணிவு தேவை என்பதை நேரில் கண்ட நகரம் இது.

ஆகவே, வெளிநாட்டு மாணவரை வீட்டில் ஏற்பது என்ற விடயத்தை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக நாம் கருதவில்லை. தன் வீட்டில் யார் உறங்கலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஒரு சமூகம் மீண்டும் பயன்படுத்தத் தொடங்குவதன் அடையாளமாகவே அதனைக் காண்கின்றோம். அதேவேளை, நல்லெண்ணம் மாத்திரம் போதுமானதென்று நம்பி இதில் இறங்குவது ஆபத்தானது என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம். இத்துறையில் நீண்ட அனுபவமுள்ள நாடுகளே கசப்பான பாடங்களைக் கற்க நேர்ந்துள்ளது.

1992 ஒக்டோபர் 17ஆம் திகதி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பட்டன் ரூஜ் நகரில் யொஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏ.எவ்.எஸ். திட்டத்தின் கீழ் அங்கு சென்றிருந்த அவர், தம்மை ஏற்ற குடும்பத்தின் மகனோடு ஹலோவீன் விருந்தொன்றுக்குப் புறப்பட்டு, விலாசம் தவறி வேறொரு வீட்டின் வாசலை அடைந்தார். அவ்வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி நிற்குமாறு ஆங்கிலத்தில் விடுத்த எச்சரிக்கையை அவர் விளங்கிக்கொள்ளவில்லையென்றே கருதப்படுகின்றது. சுட்டவரை ஜூரிகள் 1993இல் விடுதலை செய்தனர். பின்னர் சிவில் வழக்கில் அவர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

மகனை இழந்த பெற்றோர் அதன் பின் செய்தவை வரலாற்றில் இடம்பெறத்தக்கவை. அமெரிக்க வீடுகளிலிருந்து துப்பாக்கிகளை அகற்றுமாறு கோரி ஜப்பானில் 15 இலட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்களைத் திரட்டி, 1993 நவம்பரில் ஜனாதிபதி கிளின்டனைச் சந்தித்தனர். மகனின் பெயரால் நிதியமொன்றை நிறுவி, அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து தங்கிப் படிப்பதற்கு வழிசெய்தனர். மகனைப் பறித்த நாட்டின் பிள்ளைகளை அவர்கள் தம் நாட்டுக்கே அழைத்தனர். மகனை ஏற்றிருந்த அமெரிக்கக் குடும்பமும் அவர்களோடு தோளோடு தோள் நின்றது.

2018 மே 18ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் சாந்தா பே உயர்நிலைப் பாடசாலையில் மாணவன் ஒருவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 10 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கராச்சியைச் சேர்ந்த 17 வயதான சபிகா ஷேக். 2001 செப்டெம்பர் 11ஆம் திகதித் தாக்குதல்களின் பின்னர், முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென அமெரிக்கா 2002இல் ஆரம்பித்த புலமைப்பரிசில் திட்டத்தின் கீழ் சென்றவர் அவர். நாடு திரும்பி நோன்புப் பெருநாளைக் கொண்டாடுவதற்குச் சில வாரங்களே இருந்தன. அவரை ஏற்றிருந்த கிறிஸ்தவக் குடும்பத்தினர் அந்த றமழானில் அவரோடு சேர்ந்து நோன்பு நோற்றுக்கொண்டிருந்தனர். ஜனாஸாத் தொழுகையின்போது அக்குடும்பத்தினரும் பள்ளிவாசலில் நின்று, தம் மகளை இழந்தவர்களைப் போல் அழுதனர்.

இவ்விரு மரணங்களுக்கும் ஏற்ற குடும்பங்கள் எவ்வகையிலும் பொறுப்பல்ல. அவை அன்பில் குறை வைக்கவில்லை. வீட்டுக்கு வெளியே இருந்த சமூகமே அப்பிள்ளைகளைக் காக்கத் தவறியது. ஆனால் வீட்டுக்கு உள்ளேயே தவறு நேர்ந்த சம்பவங்களும் உண்டு. 2009இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரில் பரிமாற்ற மாணவர்கள் சிலர் சுகாதாரமற்ற வீடுகளில், போதிய உணவின்றி விடப்பட்டிருந்தமை அம்பலமானது. அவர்களை அங்கு சேர்த்த உள்ளூர் இணைப்பாளர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிள்ளைகளைச் சேர்க்கும் எண்ணிக்கையிலேயே கண்ணாயிருந்தவர்கள், சேர்த்த வீட்டின் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

அதனைத் தொடர்ந்து 2010இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் விதிகளை இறுக்கியது. இன்று அங்கு ஒரு குடும்பம் மாணவரை ஏற்பதாயின் வீட்டுக்கு நேரில் சென்று பார்வையிடல் வேண்டும். வீட்டின் புகைப்படங்கள் பெறப்படல் வேண்டும். அவ்வீட்டில் வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரினதும் குற்றப் பின்னணி ஆராயப்படல் வேண்டும். குடும்பத்தாரல்லாத இருவரின் நற்சான்று வேண்டும். உள்ளூர் இணைப்பாளர் மாதந்தோறும் மாணவரோடும் குடும்பத்தோடும் தொடர்பில் இருத்தல் வேண்டும். ஏற்கும் குடும்பத்துக்குக் கட்டணம் வழங்கப்படுவதில்லை. உரிய நிறுவனத்தின் ஊடாக ஏற்பவர்கள் மாதமொன்றுக்கு 50 டொலர் வரையான செலவை நன்கொடையாகக் காட்டி வரிச்சலுகை கோரலாம் என்பது மாத்திரமே அரசு அளிக்கும் பொருள் உதவி.

கட்டணமில்லை என்ற விதி சிந்தனைக்குரியது. கொழும்பில் மாதப் பணம் கட்டித் தங்கும் போர்டிங் முறை நமக்குப் பழக்கமானது. பணம் கொடுத்துத் தங்குபவருக்கு உணவும் படுக்கையும் உரித்தாகின்றன. அத்தோடு கணக்குத் தீர்கின்றது. அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார், ஏன் சாப்பிடாமல் படுத்தார் என்று எவரும் கேட்பதில்லை. பரிமாற்ற மாணவர் விடயத்தில் அந்தக் கேள்விகளே உயிர்நாடி. எனவேதான் பணம் வாயிலில் நிறுத்தப்படுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நமது நடுத்தரக் குடும்பங்களுக்கு இன்னுமொரு வாய்க்கு உணவளிப்பது எளிதன்று என்பது உண்மையே. ஆனால் மாணவரின் காப்புறுதி, மருத்துவம், பாடசாலைச் செலவு, கைச்செலவு ஆகியவற்றைப் பெற்றோரும் திட்டமும் பொறுப்பேற்கும்போது குடும்பத்தின் மீது விழுவது ஒரு தட்டுச் சோறும் ஒரு கட்டிலுமே.

இனி, கிருலப்பனையில் இரண்டு படுக்கையறைத் தொடர்மாடி வீடொன்றை எண்ணிப் பார்ப்போம். தந்தையும் தாயும் வேலைக்குச் செல்பவர்கள். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். அப்பம்மா ஒருவர் இருக்கின்றார். அங்கு ஜேர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒரு மாணவி வருகின்றாள். முதல் வாரம் விருந்து. இடியப்பமும் சொதியும், வெள்ளவத்தைக் கடற்கரை, கோவில், புகைப்படங்கள். இரண்டாம் வாரம் அவளுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் வீட்டு நினைவில் அறையை மூடிக்கொண்டு அழுகின்றாள். அறை மகளுடையதும் என்பதால் மகளுக்குப் படிக்க இடமில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பது அவளுக்கு விளங்கவில்லை. இரவு ஏழு மணிக்குப் பின் தனியே வெளியே செல்லக்கூடாது என்பது அதனினும் விளங்கவில்லை. அவளுக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொடுக்கும் தாய், தன் மகளை மட்டும் ஏவுகின்றார் என்று மகள் முகம் சுளிக்கின்றாள்.

விருந்தாளி பிள்ளையாக மாறவேண்டிய தருணம் இதுதான். பெரும்பாலும் தவறு நேர்வதும் இங்குதான். நமது பண்பாட்டில் விருந்தினரைக் கடிந்துகொள்வது பிழை. ஆகவே குறையை அவளிடம் கூறாது உறவினரிடம் கூறுவோம். அவளும் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையன்று எனக் கருதி, தேவையில்லாத மூன்றாவது கரண்டிச் சோற்றையும் உண்டுவிட்டு வயிற்று வலியோடு படுப்பாள். மரியாதையே இருவருக்கும் இடையில் மதிலாகிவிடும். தட்டைக் கழுவி வை, விளக்கை அணைத்துவிட்டுப் படு, அப்பம்மாவுக்கு மருந்து எடுத்துக்கொடு என்று உரிமையோடு சொல்லும் நாளில்தான் அவள் அந்த வீட்டைச் சேர்ந்தவளாகின்றாள். அன்ரி என்று அழைத்தவள் அம்மா என்று அழைப்பதும் அதற்குப் பின்னரே நிகழும்.

அவ்வீடு இதனால் பெறுவதும் சிறிதன்று. ஏன் மகனுக்கு இருக்கும் சுதந்திரம் மகளுக்கு இல்லை, ஏன் வேலைக்காரருக்குத் தனிக் குவளை, ஏன் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பெயர்கூட உங்களுக்குத் தெரியவில்லை என்று அப்பிள்ளை சாதாரணமாகக் கேட்டுவிடும். நாம் நமக்குள் கேட்டுக்கொள்ளாத கேள்விகள் அவை. பதில் சொல்ல முயலும்போதே நம்மைப் பற்றி நாம் அறிந்துகொள்கின்றோம்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்நிய இளைஞரையோ யுவதியையோ வைப்பது எவ்வாறு எனப் பெற்றோர் கேட்பர். கலாசாரம் கெடும் என்பர். இரு பக்கமும் பிள்ளைகளே என்பதால் இந்த அச்சம் நியாயமானது. அதற்கு மறுமொழி தெளிவான விதிகளே. ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பங்களுக்கே இது வாய்க்கும் என்பது இன்னொரு வாதம். அது உண்மையாகிவிடும் ஆபத்து உண்டு. மொழி தெரியாத வீட்டில்தான் மாணவர் மொழியைக் கற்கின்றார் என்பதை இத்திட்டங்களின் அனுபவம் காட்டுகின்றது. தமிழ் மட்டும் பேசும் ஒரு வீட்டில் பத்து மாதம் வாழும் வெளிநாட்டுப் பிள்ளை, இந்நாட்டுத் தமிழரைப் பற்றி எந்தப் பிரசாரமும் கற்பிக்க இயலாததைக் கற்றுச் செல்லும்.

கதவுகள் எக்காலமும் திறந்திருக்கும் என்று எண்ணவும் கூடாது. 2025 மே மாத இறுதியில் அமெரிக்கா உலகெங்கும் மாணவர், பரிமாற்றப் பயண விசாக்களுக்கான புதிய நேர்முகப் பரீட்சைகளைச் சில வாரங்கள் இடைநிறுத்தியது. ஜூன் மாதத்தில் அவை மீள ஆரம்பிக்கப்பட்டபோது விண்ணப்பதாரிகளின் சமூக ஊடகக் கணக்குகளும் பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டன. பெரிய நாடுகள் தம் வாசலைக் குறுக்கும் வேளையில் சிறிய நாடொன்று தன் வாசலைத் திறப்பதற்குப் பெறுமதி அதிகம்.

எனவே அரசாங்கம் செய்யவேண்டியவை சில உள. முதலாவதாக, உயர்நிலைப் பரிமாற்ற மாணவருக்கெனத் தெளிவான விசா ஒழுங்கும் பாடசாலை அனுமதி ஒழுங்கும் வகுக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, வரும் பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டதாகையால், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் மேற்பார்வை இருத்தல் வேண்டும். ஏற்கும் வீடு முன்னரே பார்வையிடப்பட்டு, மாதந்தோறும் பொறுப்புவாய்ந்த ஒருவர் பிள்ளையைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும். மூன்றாவதாக, வீட்டில் பிள்ளையொன்று தங்குவது பற்றிய பதிவு சிறுவர் பாதுகாப்பு என்ற நோக்கோடு, எல்லாச் சமூகத்தவருக்கும் ஒரே வகையில், அவரவர் மொழியில் நடைபெற வேண்டும். பொலிஸ் பதிவின் பழைய நிழல் அதன்மீது விழுமாயின் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் முன்வரமாட்டா. அவ்வாறு முன்வராதிருப்பதை எவரும் குறைகூறவும் முடியாது.

நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. பிரான்ஸும் ஜேர்மனியும் தம் பிள்ளைகளைத் தொலைதூர நாடுகளுக்கு அனுப்பி ஒற்றுமையைத் தேடவில்லை. நேற்றைய பகைவரின் வீட்டுக்கே அனுப்பின. நமது நாட்டில் மாத்தறைப் பிள்ளை யாழ்ப்பாணத்து வீட்டிலும், கிளிநொச்சிப் பிள்ளை குருநாகல் வீட்டிலும் ஒரு பாடசாலைத் தவணையேனும் வாழ்வதற்கு ஏற்பாடு உண்டா? மொழியின் அடிப்படையில் வெவ்வேறு பாடசாலைகளில் பயிலும் பிள்ளைகள் ஓரிரு நாள் முகாம்களில் கைகோர்த்து நடனமாடிவிட்டுத் திரும்பிச் செல்கின்றனர். அதுவும் மூன்று நாள் விருந்தின் வகையைச் சேர்ந்ததே. போர் முடிந்தது 2009இல். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் பதினாறு வயதைக் கடந்துவிட்டனர். பரிமாற்றத்துக்கு உகந்த வயது அதுவே. ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலேயே அந்தத் தலைமுறை பாடசாலையை விட்டு வெளியேறப் போகின்றது.

வெளிநாட்டுப் பிள்ளையை ஏற்பதற்கு வகுக்கப்படும் அதே விதிகளை, அதே இணைப்பாளர்களை, அதே மேற்பார்வையை உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கும் பயன்படுத்தலாம். இவ்விரண்டையும் ஒன்றாகவே ஆரம்பிக்குமாறு கல்வி அமைச்சைக் கேட்டுக்கொள்கின்றோம். தொடக்கத்தில் நூறு பிள்ளைகள் போதும்; நூறு வீடுகள் போதும்.

பத்து மாதம் என்பது தமிழர் வழக்கில் ஒரு தாய் பிள்ளையைச் சுமக்கும் காலம். பிறர் பெற்ற பிள்ளையை அத்தனை மாதம் வீட்டில் சுமக்க இசைவது எளிய செயலன்று. ஆயினும் வந்தவரை மூன்று வருடம் விறாந்தையில் வைத்துக் காத்த வீடுகள் கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்தன. அன்று அச்சத்தின் மத்தியில் செய்ததை இன்று விருப்பத்தோடு செய்யும்படியே அவை கேட்கப்படுகின்றன. அதற்கு ஏற்ற சட்டத்தையும் பாதுகாப்பையும் வழங்குவது அரசின் கடமையாகும்.